ஒளியை நாடிய நோயாளர்

சூரிய வெளிச்சம் நாம் கேளாமலே நமக்குக் கிடைப்பது. ஆதலின் அதன் அருமையை நாம் உணர்வதில்லை. மாரிக்காலத்திற் பகலே அரிதாகும் வடநாடொன்றிற் பிறந்து, தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை நோயிற் கழித்த ஒருவர் அதனை நன்குணர்ந்தார். அவரே ஒளிச் சிகிச்சையின் தந்தையெனப் போற்றப்படும் நீல்ஸ் பின்ஸன் என்னும் பெரியார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பின்ஸன் 1860ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், டென்மார்க்கு அரசுக்குட்பட்ட பரோ தீவுகளின் தலைநகராகிய டோர்ஷவனிற் பிறந்தார். அவர் டென்மார்க்கிற் பயின்ற பள்ளியின் தலைவர், நல்லுள்ளம் உடையரேனும் திறமை குறைந்தவர் என்றே அவரை மதித்தனர். பின்னர் ஐஸ்லாந்திற் கற்றுத் தேறி, 1882இல் வைத்தியம் பயிலக் கோப்பன்ஹேகன் சென்றார். அடுத்த ஆண்டே, ஈரல் முதலிய உள்ளுறுப்புக்களைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும் நோயொன்று அவரைப் பற்றியது. வடக்கு நோக்கிய வீட்டில் இரத்தக் குறைவாலும் சோர்வாலும் வருந்திய அவர், வெயில் தம் உடலுக்கு நலஞ்செய்யுமென எண்ணலானார். கூரைமேற் படுத்திருந்த பூனையொன்று, நிழல் அணுகுந்தோறும் வெயிலை நாடி நகர்ந்ததும் அவர் சிந்தையைக் கிளறிற்று.

1890இல் வைத்தியப் பட்டம் பெற்று உடற்கூற்று ஆசிரியப் பணியில் அமர்ந்த அவர், 1893இல் அதனைத் துறந்து ஒளியாராய்ச்சியிலேயே ஈடுபட்டார். பெரியம்மை கண்டோரைச் செவ்வொளி மட்டும் புகும் அறையில் வைத்தல் வேண்டுமென்று அவர் கூறிய முறை பிற்காலத்தில் நிலைபெறவில்லை. ஆயினும், அவரது அடுத்த முயற்சி உலகிற்குப் பெரும்பயன் தந்தது.

தோலைப் பற்றும் காசநோய் முகத்தை அரித்து உருச்சிதைக்க, அதனால் வருந்தியோர் பிறர் கண்ணிற் படவும் நாணி ஒடுங்கினர். இவர்களுக்கு உதவ எண்ணிய பின்ஸன், மின்சார வில்விளக்கின் ஒளியை நோயுற்ற இடத்திற் குவித்தார். சாதாரணக் கண்ணாடி புறவூதாக் கிரணங்களைத் தடுக்குமாதலின், படிகக் கல்லாலான வில்லைகளைக் கொண்டார். தோலைச் சுடும் வெப்பத்தை நீரால் நீக்கினார். இரத்தம் ஒளியைத் தடுக்குமென அறிந்து, குளிர்ந்த வில்லையால் தோலை அழுத்தி இரத்தத்தை விலக்கினார். 1895இல் முதல் நோயாளருக்குச் சிகிச்சை தொடங்கியது. 1896இல் அவர் பெயரால் ஒளி வைத்தியசாலை நிறுவப்பட்டது. முதல் ஐந்தாண்டுகளில் 800க்கு மேற்பட்டோர் அங்குச் சிகிச்சை பெற்றனர். அவருட் பெரும்பாலோர் குணமடைந்தனர்.

1903இல் வைத்தியத்திற்குரிய நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. சக்கர நாற்காலியை விட்டு அகலவியலாத அவர், அதனைப் பெற ஸ்டாக்ஹோம் செல்லவும் இயலவில்லை. பரிசுப் பணத்திற் பெரும்பகுதியை வைத்தியப் பணிகட்கே ஈந்தார். தம் நோயையும் ஆராய்ச்சிப் பொருளாக்கி, உடலில் உப்புத் தேங்குவதுபற்றி 1904இற் கட்டுரை வரைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள், தமது 43ஆம் வயதில் உயிர் நீத்தார்.

காசநோய்க்குரிய மருந்துகள் தோன்றியபின் அவர்தம் விளக்குகள் அணைந்தன. எனினும் அவர் காட்டிய நெறி அணையவில்லை. 1958இல் இங்கிலாந்து மருத்துவர், பச்சிளங் குழவிகளின் மஞ்சட் காமாலைக்கு ஒளி மருந்தாவதை வெளியிட்டனர். 1967இல் ஹங்கேரி நாட்டு எண்ட்ரே மெஸ்டர் என்பார், மெல்லிய லேசர் ஒளி பட்ட எலிகட்கு மழித்த மயிர் விரைந்து வளரக் கண்டார். இன்று புற்றுநோய்ச் சிகிச்சையால் விளையும் வாய்ப்புண்ணைத் தடுக்க அத்தகைய ஒளி பயன்படுகின்றது.

பிறர் முகத்தில் ஒளியேற்றிய பின்ஸனுக்குத் தம் நோய் தீரவேயில்லை. ஆயினும், அத்துன்பமன்றோ அவரை ஒளியின்பாற் செலுத்தியது! நமக்கு நேரும் குறைகளை நொந்து வாளாவிராது, பிறர் துயர் துடைக்கும் வழியாக அவற்றை ஆக்கிக்கொள்ளும் உள்ளத்தை இறைவன் நமக்கும் அருள்வாராக.