பின்பக்கமாகப் படி இறங்கிய பான்டிங்

லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். 1796-ல் பிறந்தவர். இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவர் குடும்பத்தின் தொழில். அரச குடும்பத்துக்கும் அவர்கள்தான். வெல்லிங்டன் பிரபு 1852-ல் இறந்தபோது ஊரே திரண்ட அந்த ஊர்வலத்தை நடத்தியது பான்டிங் நிறுவனமே. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இதற்காக அல்ல, அவருடைய தொந்திக்காக!

பான்டிங் சாப்பாட்டு ராமன் அல்லர். சோம்பேறியும் அல்லர். அவருடைய தாய் வழியிலோ தந்தை வழியிலோ குண்டானவர்கள் கிடையாது. அப்படியிருந்தும் முப்பது வயதைத் தாண்டியதும் உடம்பு பெருக்க ஆரம்பித்தது. உடற்பயிற்சி செய் என்றார்கள். விடியற்காலையில் எழுந்து ஆற்றில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். கை கால்களில் வலு ஏறியது உண்மை. கூடவே அகோரப் பசியும் ஏறியது. சாப்பிட்டார், எடை இன்னும் கூடியது. படகை விட்டுவிடச் சொன்னதும் அதே வைத்திய நண்பர்தான்!

கடல் குளியல், குதிரைச் சவாரி, நீராவிக் குளியல், மருந்துத் தண்ணீர் என்று எதையும் அவர் விடவில்லை. பெரிய டாக்டர் ஒருவரோ, வயதானால் சதை போடுவது இயற்கை, எனக்கும் வருஷத்துக்கு ஒரு ராத்தல் கூடுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

1862-ல் பான்டிங்கின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை 202 ராத்தல், அதாவது ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. முழங்கால் தாங்காததால் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். தெருவில் போனால் கேலிப் பேச்சு. அதற்குப் பயந்தே பொது இடங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

இந்த நிலையில் காதும் மந்தமாயிற்று. காது வைத்தியர் வில்லியம் ஹார்வியிடம் போனார். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த பழைய ஹார்வி வேறு, இவர் வேறு. பாரிஸில் கிளாட் பெர்னார்ட் என்ற விஞ்ஞானி ஈரலையும் சர்க்கரையையும் பற்றிச் சொல்லியிருந்ததை இவர் அறிந்திருந்தார். காதுக்கு மருந்து கொடுக்காமல் சாப்பாட்டில் கை வைத்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் கூடாது. இறைச்சி, மீன், காய்கறி, பழம் ஆகலாம். (தினமும் சில கிளாஸ் ஒயினும் அனுமதி! அதை யாரும் பின்பற்ற வேண்டாம்.)

ஓராண்டுக்குச் சற்று மேல். 46 ராத்தல் குறைந்தது. இடுப்பு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கியது. காதும் தெளிந்தது. எல்லோரையும் போல முன்பக்கமாகவே படி இறங்கினார்.

தான் பட்ட அவஸ்தையை மற்றவர்கள் படக்கூடாது என்று 1863-ல் சொந்தச் செலவில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு இலவசமாகவே கொடுத்தார். கிராக்கி தாங்காமல் பிறகு விலைக்கு விற்க வேண்டி வந்தது. லாபத்தைத் தருமத்துக்குக் கொடுத்தார். மருத்துவ உலகில் பலர் சீறினார்கள். பிணப்பெட்டிக்காரனுக்கு வைத்தியம் எதற்கு என்ற ஏளனமும் அதில் இருந்திருக்கும்.

ஹார்வியின் விளக்கம் முழுவதும் சரி என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாவுப்பண்டத்தைக் குறைப்பது பலருக்குப் பலன் தரும், ஆனால் அது ஒன்றே வழி அல்ல என்பதுதான் இன்றைய முடிவு. ஆனால் படகு வலித்தபோது வந்த அந்தப் பசி பேராசை அல்ல என்பது தெளிவாகிவிட்டது. 1994-ல் அமெரிக்காவில் பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்வது அது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். உடனே மூளை பசியைக் கிளப்பும், உடம்பின் செலவையும் சுருக்கும். இளைத்தவர்கள் மீண்டும் பருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். உண்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்து பசியை அடக்கும் செமாகுளூடைட் என்ற ஊசி மருந்து 2021-ல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்றது. அதை நிறுத்தினால் பலருக்கு எடை திரும்பி வருகிறது.

மனவுறுதி இல்லாதவன் என்று பான்டிங்கைத் தெருவில் சிரித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

அவர் 1878 மார்ச் மாதம், 81-வது வயதில் காலமானார். ஸ்வீடன் நாட்டு மொழியில் இன்றும் உடல் இளைக்கப் பத்தியம் இருப்பதற்கு 'பாண்டா' என்றே பெயர். அது பான்டிங் பெயரிலிருந்து பிறந்த சொல்.