1000 வருஷத்துக்கு நிலக்கரி இருக்குன்னு நம்பிய பிரிட்டன்... கணக்கு போட்டு அதிர வைத்த ஜெவோன்ஸ் யார்?

மண்ணுக்கடியில் எத்தனை டன் தாது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஒரு நாட்டின் கனிம வளத்தின் மதிப்பு தெரிந்துவிடுமா? அது மட்டும் போதாது என்று 1865-லேயே கணக்கு போட்டுக் காட்டியவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ். அப்போது அவருக்கு வயது 29 தான்.

யார் இவர்?

1835-ல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா இரும்பு வியாபாரி. 1848-ல் தொழில் நொடித்துப்போனது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஜெவோன்ஸ், 18 வயதில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். சிட்னி நாணயச்சாலையில் தங்கத்தின் தரம் பார்க்கும் வேலை, நல்ல சம்பளம். ஆனாலும் 1859-ல் அதையும் உதறிவிட்டு மறுபடி படிக்கக் கிளம்பிட்டார்.

என்ன கணக்கு அது?

4,000 அடி ஆழம் வரை சுமார் 8,300 கோடி டன் நிலக்கரி இருப்பதாக புவியியலாளர் எட்வர்ட் ஹல் மதிப்பிட்டிருந்தார். 1861-ல் வெட்டியது 8 கோடி டன்னுக்குக் கொஞ்சம் அதிகம். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1000 ஆண்டு! பிரிட்டன் நிம்மதியாக இருந்தது.

ஜெவோன்ஸ் விடவில்லை. உற்பத்தி ஆண்டுக்கு 3.5% வளர்கிறது, அதாவது 20 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. இதே வேகத்தில் போனால் 110 ஆண்டுகளில் 10,000 கோடி டன் தேவைப்படும். இருப்பே அவ்வளவு இல்லையே!

நிலக்கரி ஒரேநாளில் தீர்ந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஆழம் போகப்போக வெட்டும் செலவு ஏறும், விலை ஏறும், வளர்ச்சி நிற்கும். இதுதான் அவர் விடுத்த எச்சரிக்கை.

சிக்கனமா இருந்தா போதாதா?

போதாது என்றார். குறைந்த கரியில் ஓடும் நீராவி இன்ஜின்கள் வந்தபிறகு, இன்ஜின்களின் எண்ணிக்கை பெருகி மொத்தச் செலவு கூடத்தான் செய்தது. இதுதான் இன்று 'ஜெவோன்ஸ் முரண்' எனப்படுகிறது.

நிதியமைச்சர் கிளாட்ஸ்டன், நாட்டின் கடனை அடைக்க வேண்டும் என்று 1866 பட்ஜெட்டில் வாதாட இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். நிலக்கரி இருப்பை ஆராய அரசு ஆணையமும் அமைக்கப்பட்டது.

பலித்ததா?

பாதி பலித்தது. 1913-ல் 28.7 கோடி டன்னோடு பிரிட்டன் உற்பத்தி உச்சம் தொட்டு, பிறகு சரிந்தது. அவருடைய கணக்குப்படி 1961-ல் 260 கோடி டன் வந்திருக்கணும். நிஜத்தில் 20 கோடியைக்கூட தொடவில்லை. பெட்ரோலியம் நிலக்கரிக்கு மாற்றாகாது என்று அவர் நினைத்ததுதான் பெரிய சறுக்கல்.

பேப்பருக்கும் தட்டுப்பாடு வரும் என்று பயந்து கட்டுக்கட்டாக வாங்கிக் குவித்தவர் அவர். அவர் இறந்து 50 ஆண்டுகள் ஆகியும் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியவில்லை என்று பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

1882 ஆகஸ்ட்டில், ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் குளிக்கப்போன ஜெவோன்ஸ் மூழ்கி இறந்தார். வயது 46.

இப்போ ஏன் முக்கியம்?

2023-ல் ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருப்பதாக அறிவிப்பு வந்தது. ஆனால் அது முதற்கட்ட மதிப்பீடுதான். ஏலம் விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வரவில்லை. ஆகவே, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் டன்னோடு நிறுத்தாமல், எடுக்க என்ன செலவாகும், எவ்வளவு வேகமாகத் தீரும், மாற்று இருக்கிறதா என்ற கேள்விகளையும் சேர்த்துப் பாருங்க.