தூரத்தைக் கூட்டிய மனிதர்

பலாலியில் இருந்து அடித்தால் எது வரை வரும், ஆனையிறவில் இருந்து அடித்தால் எந்த ஊர் தப்பும் என்பது ஒரு காலத்தில் எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. எந்த ஊருக்கு இடம்பெயர்வது என்பதைக்கூட அந்தக் கணக்கை வைத்துத்தான் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். ஆனால், அந்தத் தூரத்தை யார் கூட்டினார்கள் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 15 கிலோமீற்றர் போன எறிகணை 30 போகிறது, 40 போகிறது என்றால், எங்கோ ஒரு மேசையில் இருந்து யாரோ ஒருவர் அதைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அப்படிக் கணக்குப் போட்டவர்களில் தவிர்க்க முடியாத ஒரு பெயர் ஜெரால்ட் வின்சென்ட் புல். ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில்தான் இந்தப் பெயரை முதலில் கண்டேன். ஆயுதக் கம்பனிகளின் விளம்பர மொழியைப் பற்றி ஒரு ஒப்படை செய்துகொண்டிருந்தேன். எந்த விளம்பரத்திலும் மனிதர் என்ற சொல் இல்லை; இலக்கு என்ற சொல்தான் இருந்தது. பின்னால் தேடிப் போனபோது, அந்த விளம்பரங்களில் இருந்த பீரங்கிகள் பலவற்றின் வேர் ஒரே ஆளிடம் போய் முடிந்தது. அவர் வரைந்தவை எங்கள் ஊர்களில் வெடித்தன என்று சொல்ல நான் வரவில்லை. அவை வெடித்த இடங்கள் வேறு.

புல் 1928 மார்ச் 9இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள நோர்த் பே என்ற ஊரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம். தகப்பன் ஒரு சட்டத்தரணி. மூன்று வயதில் தாய் இறந்துபோக, பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குச் சிதறினார்கள். மாமா, மாமி வீட்டில் வளர்ந்த பையனுக்கு மரத்தில் மாதிரி விமானம் செய்வதுதான் விளையாட்டு. 16 வயதிலேயே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 23 வயதில் வானூர்திப் பொறியியலில் கலாநிதிப் பட்டம். அங்கே அவர் கட்டியது ஒலியைவிட வேகமான காற்றை ஊதும் ஒரு காற்றுச் சுரங்கம்.

பிறகு கியூபெக்கில் வல்கார்த்தியே என்ற இடத்தில் இருந்த கனேடிய இராணுவ ஆய்வுகூடத்தில் வேலை. ஏவுகணை ஒன்றின் வடிவத்தைச் சோதிக்க வேண்டும், ஆனால் பெரிய காற்றுச் சுரங்கம் கட்டக் காசு இல்லை. புல் ஒரு குறுக்குவழி கண்டார். மாதிரியின் மேல் காற்றை ஊதுவதற்குப் பதிலாக, மாதிரியையே பீரங்கியில் வைத்துச் சுட்டு, பறக்கும்போது படம் பிடித்தார். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் குறுக்குவழியில் இருந்துதான் வந்தது. பீரங்கியால் இவ்வளவு செய்யலாம் என்றால், வானத்துக்கே சுடலாமே என்று யோசிக்கத் தொடங்கினார்.

1961இல் அரச வேலையை விட்டு மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதிகாரிகளோடு அவருக்கு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. கோபக்காரர், பொறுமை இல்லாதவர் என்று பெயர். கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து காசு கொடுத்த ஒரு திட்டத்தில், கரீபியன் தீவான பார்படோஸில், அமெரிக்கக் கடற்படையின் பழைய 16 அங்குலப் பீரங்கி ஒன்றைக் கடலைப் பார்த்து நிறுத்தினார். பிறகு குழலோடு குழல் பொருத்தி அதை ஏறக்குறைய 36 மீற்றராக நீட்டினார். அதில் இருந்து போனவை வெடிக்கவில்லை. மேல் வளிமண்டலத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று அளக்கும் கருவிகளைத்தான் அவை கொண்டு போயின. அமெரிக்காவின் யூமா பாலைவனத்தில் இருந்த இன்னொரு பீரங்கி 1966 நவம்பர் 18இல் ஒரு எறியத்தை 180 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பியது. றொக்கெற் இல்லாமல், பீரங்கியாலேயே ஒரு செய்மதியை மேலே அனுப்பிவிடலாம் என்று அவர் நம்பினார். அடுத்த ஆண்டே கனடா காசை நிறுத்தியது.

இந்த இடத்தில் அவர் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியராகவே வயது போயிருக்கலாம். நான் வாசித்த பல கட்டுரைகள் இங்கேதான் அவருக்காக இரங்கத் தொடங்குகின்றன: கனவைப் பறித்தார்கள், அதனால் வழி தவறினார் என்று. எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. கனவு பறிபோன விஞ்ஞானிகள் எல்லோரும் பீரங்கி விற்கப் போவதில்லை.

கனடாவுக்கும் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்துக்கும் எல்லையில், இரண்டு நாட்டிலும் கால் வைத்தபடி அவர் சொந்தக் கம்பனி தொடங்கினார். அங்கேதான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான வேலை நடந்தது. வழமையான 155 மில்லிமீற்றர் எறிகணையின் நடு உடம்பு குழலோடு ஒட்டி நேராக இருக்கும். நுனி மட்டும் கூர். அந்த உருண்டை உடம்பு காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போவதால் வேகம் போய்விடும். புல் முழு எறிகணையையும் நீளமாக, ஒடுங்கலாக ஆக்கினார். அப்படி ஒடுக்கினால் குழலுக்குள் ஆடும். ஆகவே பக்கத்தில் சிறிய முட்டுகளை வைத்து அதை நடுவில் பிடித்தார். அடுத்தது அடிப்பகுதி. பறக்கும் எறிகணையின் பின்னால் காற்று குறைந்து ஒரு வெற்றிடம் உண்டாகும். அது பின்னுக்கு இழுக்கும். சுவீடன்காரர் கண்டுபிடித்த ஒரு வழியை அதற்கு எடுத்தார்: அடியில் சிறிதளவு எரிபொருளை மெதுவாக எரியவிட்டால், வரும் வாயு அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடும். அது றொக்கெற்போலத் தள்ளுவதில்லை. இழுவையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனோடு 45 கலிபர் நீளமான குழல். அதாவது வாயின் அகலத்தைப்போல 45 மடங்கு நீளம். சாதாரண எறிகணை 30 கிலோமீற்றர், அடி எரியும் எறிகணை 39 கிலோமீற்றர். அந்தக் காலத்தில் அமெரிக்க இராணுவத்தில் பரவலாக இருந்த 155 மில்லிமீற்றர் பீரங்கிகள் அதில் பாதித் தூரம்கூடப் போகவில்லை.

இதைத் தேடி வந்தது தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசு. 1975இல் அங்கோலாவுக்குள் புகுந்த அதன் படையிடம் இருந்தவை இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியப் பீரங்கிகள். எதிர்ப்பக்கத்தில் இருந்தது சோவியத் தயாரிப்பான பல்குழல் எறிகணை. நாங்கள் நன்றாக அறிந்த அதே வகை. தூரம் போதாமல் திணறியவர்கள் புல்லிடம் வந்தார்கள். 1977 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தென்னாபிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைத் தடை செய்தது. வியாபாரம் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான எறிகணை உடல்களும் குழல்களும் கப்பலில் போயின. அன்டிகுவாத் தீவுத் துறைமுகத்தில் வேலை செய்த தொழிலாளர்களின் கண்ணில் அவை பட்ட பிறகுதான் விசயம் வெளியே வந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த அந்தக் கூலித் தொழிலாளர்களை இந்தக் கதையில் யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

1980இல் அமெரிக்க நீதிமன்றத்தில் புல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே நாட்டின் காங்கிரஸ்தான் 1972இல் தனிச் சட்டம் போட்டு அவருக்குக் குடியுரிமை கொடுத்திருந்தது. அமெரிக்க உளவுத்துறைக்குத் தெரிந்துதான் எல்லாம் நடந்தது, பிறகு தன்னைக் கைவிட்டார்கள் என்று அவர் கடைசிவரை நம்பினார். கம்பனி முறிந்தது. வெளியே வந்தவர் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் குடியேறினார்.

அவர் சிறையில் இருந்தாலும் வரைபடம் சிறையில் இல்லை. தென்னாபிரிக்கப் பொறியியலாளர்கள் அதை வைத்து முதலில் ஜி-5 என்ற இழுவைப் பீரங்கியைச் செய்தார்கள். பிறகு அதே பீரங்கியை ஆறு பெரிய சில்லுகள் கொண்ட கவச வாகனத்தில் ஏற்றினார்கள். அதுதான் ஜி-6. காண்டாமிருகம் என்று பட்டப்பெயர். 45 தொன்னுக்கு மேல் எடை, ஆனால் தார் வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். மற்ற நாடுகள் இப்படியான வண்டிகளைச் சங்கிலியில் ஓட்டியபோது இவர்கள் சில்லைத் தேர்ந்ததற்குக் காரணம், நமீபியா, அங்கோலா எல்லையின் நீண்ட பாதைகள். அடிப்பக்கம் கண்ணிவெடியைத் தாங்கும்படி கட்டப்பட்டது. அந்த வாகனத்தில் புல்லின் கை இல்லை. அதன் வாய்தான் அவருடையது.

பீரங்கியைத் தானே ஓடும்படி செய்வது ஏன் என்று படைத்துறைக்காரர் சொல்லும் விளக்கம் எளிது. ஒரு பீரங்கி சுட்டால் ராடர் அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடும். சில நிமிடங்களில் பதில் அடி வரும். இழுவைப் பீரங்கியைக் கழற்றிப் பூட்டி இழுத்துக்கொண்டு போக நேரம் எடுக்கும். தானோடும் பீரங்கி சுட்ட உடனேயே கிளம்பிவிடும். சுட்டுவிட்டு ஓடு என்பதுதான் தத்துவம். இந்த விளக்கத்தை முதல் தடவை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் மேலே வாசிக்கவில்லை. பீரங்கி ஓடிவிட்ட பிறகு பதில் அடி யார் தலையில் விழும் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. அது பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விடை.

1987இல் அங்கோலாவின் தென்கிழக்கில் ஜி-5களோடு, இன்னும் முழு உற்பத்திக்கு வராத ஜி-6 வண்டிகள் சிலவும் இறக்கப்பட்டன. குவிற்றோ குவானவாலே என்ற சிறிய பட்டினமும் அதன் விமான ஓடுபாதையும் மாதக்கணக்கில் எறிகணைக்குள் இருந்தன. ஓடுபாதை பாவிக்க முடியாமல் போனது. பட்டினம் சிதைந்தது. 30 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து சுட்டவர்கள் அந்தப் பட்டினத்தைக் கண்ணால் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

2009இல் எனக்கு 17 வயது. குத்துற சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவோம். எண்ணி முடிக்க முன்னர் பங்கருக்குள் விழுந்துவிட வேண்டும். கிட்ட இருந்து வருவதற்குத்தான் அந்தக் குத்து. தூரத்தில் இருந்து வருவதற்குச் சில நேரம் எதுவுமே கேட்காது, வெடிக்கும் சத்தம்தான் முதல் சத்தம். தூரத்தைக் கூட்டிய பொறியியல், எண்ணுவதற்கு எங்களிடம் இருந்த அந்தச் சில வினாடிகளையும் எடுத்துக்கொண்டது.

இதைப் புல் அறியாதவர் என்று சொல்ல முடியாது. பிரஸ்ஸல்ஸ் காலத்தில் அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய புத்தகம், முதலாம் உலகப் போரில் ஜேர்மனியர் 120 கிலோமீற்றர் தூரத்தில் இருந்து பாரிஸ் நகரைச் சுட்ட பீரங்கியைப் பற்றியது. அது 1918 மார்ச்சில் சுடத் தொடங்கியபோது, குண்டு எங்கிருந்து வருகிறது என்றே பாரிஸ் மக்களுக்கு முதலில் விளங்கவில்லை. மிக உயரத்தில் பறக்கும் ஏதோ ஒன்று போடுகிறது என்று நினைத்தார்கள். அந்த மாதம் 29ஆம் திகதி, பெரிய வெள்ளி, புனித ஜெர்வே தேவாலயத்தின் கூரை இடிந்து 80க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தப் பீரங்கியின் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, அதன் கணக்குகளை அவர் ஆசையோடு திரும்பப் போட்டுப் பார்த்தார்.

எண்பதுகளில் அவருடைய பீரங்கி பல வழிகளில் பரவியது. உரிமை வாங்கிய ஒஸ்திரிய அரச நிறுவனம் ஒன்று அதை ஜோர்தான் வழியாக ஈராக்குக்கும், பிறகு ஈரானுக்கும் விற்றது. இரண்டு நாடும் ஒன்றோடொன்று போரில் இருந்தன. ஒரே வரைபடத்தில் பிறந்த பீரங்கிகள் எதிரெதிராக நின்றன. சீனாவும் அவரை அழைத்துக் கற்றுக்கொண்டது.

ஈராக்கில் சதாம் ஹுசைன் அவருக்குப் பழைய கனவைத் திருப்பிக் கொடுத்தார். 156 மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் வாய் அகலமும் கொண்ட பீரங்கி. செய்மதியை வானுக்கு ஏவும் என்றார் புல். அதோடு ஈராக்குக்காகத் தானோடும் பீரங்கி இரண்டையும் வடிவமைத்தார்: ஒன்று 155 மில்லிமீற்றர், மற்றது அல் பாவ் என்ற 210 மில்லிமீற்றர். 1989 மே மாதம் பக்தாத் ஆயுதக் கண்காட்சியில் இரண்டையும் நிறுத்தினார்கள். அல் பாவ் 57 கிலோமீற்றர் சுடும் என்று அறிவித்தார்கள். ஹலப்ஜாவில் குர்திஷ் மக்கள் மேல் நச்சு வாயு போட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. யாருக்கு வேலை செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. காசு கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்ற மனநிலை அப்போது அவரில் முழுதாக ஊறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவருடைய பிரஸ்ஸல்ஸ் வீட்டுக்குள் யாரோ புகுந்து போனார்கள். எதுவும் களவு போகவில்லை. 1990 மார்ச் 22 மாலை, அந்த வீட்டுக் கதவடியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் இருந்த ஏறத்தாழ 20,000 டொலர் பணத்தை யாரும் தொடவில்லை. மிகக் கிட்ட நின்று சுட்டிருந்தார்கள். இஸ்ரேலின் உளவுத்துறைதான் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. இன்றுவரை எவர் மேலும் வழக்கு இல்லை. மனைவியும் ஏழு பிள்ளைகளும் மிஞ்சினார்கள்.

மூன்று வாரம் கழித்து, இங்கிலாந்தின் ரீஸ்போர்ட் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் ஈராக்குக்குப் போக இருந்த பெரிய இரும்புக் குழாய்களைப் பிடித்தார்கள். எண்ணெய்த் தொழிற்சாலைக்கானவை என்று பத்திரத்தில் இருந்தது. ஈராக்கில் இருந்த பாகங்களை 1991 போருக்குப் பிறகு ஐ.நா. பரிசோதகர்கள் அழித்தார்கள். அல் பாவ் ஒருபோதும் உற்பத்திக்கு வரவில்லை. ஜி-6 வண்டிகளை ஐக்கிய அரபு இராச்சியமும் ஓமானும் வாங்கின.

பிடிபட்ட குழாய்களில் இரண்டு துண்டுகள் இப்போது இங்கிலாந்தில் போட்ஸ்மவுத் அருகே ஒரு பழைய கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்படோஸில், விமான நிலையத்துக்குக் கிட்ட, 36 மீற்றர் பீரங்கி இன்னும் கிடக்கிறது. கடல் காற்றில் துருப்பிடித்து, பற்றைக்குள்.