காந்திகிராமம் தந்த டாக்டரம்மா

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் சின்னாளபட்டி பக்கம் சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் வரும். பெரிய பல்கலைக்கழகம், பெரிய ஆஸ்பத்திரி என்று எல்லாருக்கும் தெரியும். அதை உண்டாக்கியது யாரென்று கேட்டால் பாதிப் பேர் காந்தி என்று சொல்லிவிடுவோம். பெயர்தான் அவருடையது. பாடுபட்டுக் கட்டி எழுப்பியவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம் என்ற பெண்மணி. கூடவே நின்றவர் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரன். அந்த அம்மாவின் வாழ்க்கையை நம்ம மலரில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டி.வி.எஸ். வீட்டுப் பெண்

நாம் ரோட்டில் தினமும் பார்க்கிற டி.வி.எஸ். வண்டியின் பெயருக்குச் சொந்தக்காரரான டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள்தான் சௌந்தரம். பிறந்தது 1904-ம் வருஷம் ஆகஸ்டு 18. அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம் ஆனது. கணவர் ஒரு டாக்டர், மனைவி படிக்க வேண்டும் என்று விரும்பியவர். ஆனால் அவர் இளமையிலேயே இறந்துபோனார்.

விதவை என்றால் வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. சௌந்தரம் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் டாக்டராகி வெளியே வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு அரியர் விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று உட்காருகிற நாம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும்.

டில்லியில் உடன் படித்த சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. அங்கேதான் ராமச்சந்திரனையும் சந்தித்தார். அவர் கேரளத்துக்காரர், தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். சாதியும் வேறு, மொழியும் வேறு. போதாததற்கு இவர் விதவை. வீட்டில் எதிர்ப்பு வராமல் இருக்குமா? இருவரும் ஒரு வருஷம் பார்க்காமல், கடிதம்கூட எழுதாமல் இருங்கள், அதற்குப் பிறகும் மனசு மாறாவிட்டால் ஆசீர்வதிக்கிறேன் என்று காந்தி சொல்லிவிட்டார். மனசு மாறவில்லை. 1940 நவம்பர் 7-ம் தேதி காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது. 1942 போராட்டத்திலும் இருவரும் கலந்துகொண்டார்கள்.

இரண்டு அறையில் ஆரம்பம்

1944-ல் கஸ்தூரிபா இறந்தபின் அவர் பெயரால் கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக ஒரு அறக்கட்டளை அமைந்தது. தமிழ்நாட்டில் அதன் பொறுப்பை சௌந்தரத்திடம் காந்தி ஒப்படைத்தார். சுதந்திரம் வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, 1947 அக்டோபர் 7-ல் காந்திகிராமம் பிறந்தது. சின்னாளபட்டியில் இரண்டே அறையில் ஒரு சின்ன மருத்துவமனை, அதுதான் தொடக்கம். அதுதான் வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனை ஆனது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லம், கிராம சேவிகைப் பயிற்சி, பள்ளிகள், கதர், கைத்தொழில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1956-ல் கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கியது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது காந்திகிராமத்துக்கும் வந்தார்.

அங்கே போட்ட சட்டம்

கட்டிடத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். பல ஊர், பல சாதி, பல மதத்துப் பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்து ஒரு வாழ்க்கையை அமைப்பதுதான் கஷ்டம். காந்திகிராமத்து அன்றாட வாழ்க்கையின் விதிகள் மிகவும் எளிமையானவை. எல்லா மதத்துக்கும் பொதுவான கூட்டு வழிபாடு. சாதி பார்க்காத ஒரே பந்தி. உடம்பில் கதர். படிப்போடு சேர்ந்த கைத்தொழில். இருக்கிற இடத்தை அவரவரே கூட்டிப் பெருக்குவது. கற்றதைப் பக்கத்துக் கிராமத்துக்குக் கொண்டுபோவது. இன்னும்கூட அங்கே படிப்பவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது பாடத்தில் ஒரு பகுதி.

இதற்கு வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியும் அவர் நண்பர் காலன்பாக்கும் 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை அமைத்தார்கள். அங்கே இருந்தவர்களில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் பல. வேலைக்காரர் கிடையாது. சமையல், தோட்டம், தச்சு வேலை, செருப்புத் தைப்பது, கழிவு அகற்றுவது எல்லாம் அவர்களேதான். ஆசிரியர் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது அங்கே முக்கியமான விதி. 1937-ல் வார்தாவில் பேசப்பட்ட ஆதாரக் கல்விக்கும், பிறகு காந்திகிராமத்துக்கும் வந்து சேர்ந்தது இந்த எண்ணம்தான்.

எனக்கு வந்த சந்தேகம்

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். பணக்கார வீட்டுப் பெண் விளக்குமாறு எடுத்தால் அது தியாகம். வேறு வழியில்லாமல் தலைமுறை தலைமுறையாக எடுத்தவர்களுக்கு அதில் என்ன பெருமை? எங்கப்பா பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தே கை காய்ச்சுப் போனவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கை கறுக்காத வேலைக்குப் போடா என்றுதான் என்னை இங்கே சேர்த்துவிட்டார். இங்கே வந்தால் முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் என் கையில் கொடுத்ததும் அதே அரம்தான்! வீட்டில் சொன்னதும் அப்பா முகம் வாடிப்போச்சு.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. அரத்தில் கேவலம் எதுவும் இல்லை. அரம் பிடிக்கிறவனுக்குப் படிப்பு வேண்டாம், படித்தவனுக்கு அரம் வேண்டாம் என்று பிரித்து வைத்ததில்தான் கேவலம் இருக்கிறது. எல்லாரும் முறை வைத்துக் கூட்டினால் கூட்டுகிற சாதி என்று ஒன்று இருக்க முடியாது. முறை வைக்காமல் சிலர் தலையிலேயே கட்டினால்தான் அது சாதியாகிறது. காந்திகிராமத்து விதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேலே இருப்பவரையும் கட்டுகிற விதிதான் விதி. கீழே இருப்பவனை மட்டும் கட்டினால் அதற்குப் பேர் அதிகாரம்.

அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டதற்கு ஒரு சாட்சியும் நம்ம மாவட்டத்திலேயே உண்டு. தலித் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தரப் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், மாணவப் பருவத்தில் சௌந்தரம் அம்மாவின் ஆதரவில் படித்தவர்.

பதவியும் திரும்பி வந்ததும்

1952-லும் 1957-லும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். அதே வருஷம் பத்மபூஷண் விருது. 1967 தேர்தலில் தோற்றுப்போனார். அத்தோடு டில்லியிலேயே ஏதாவது பதவி தேடிக்கொண்டு இருந்துவிடவில்லை, காந்திகிராமத்துப் பணிக்கே திரும்பி வந்தார். அவர் டில்லியில் இருந்த காலத்திலும் இங்கே ஆஸ்பத்திரியும் பள்ளியும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆரம்பித்தவர் பக்கத்தில் இல்லாதபோதும் நடக்கிறதா என்பதுதான் எந்த அமைப்புக்கும் உண்மையான பரீட்சை. 1984 அக்டோபர் 21-ல் அம்மா மறைந்தார். 2005-ல் தபால் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

நமக்கு என்ன?

தோழர்களே, நம்ம ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். லேட்டாக வராதே, சத்தம் போடாதே, சுவரில் எழுதாதே! எல்லாமே செய்யாதே என்றுதான் இருக்கு. எதைச் சேர்ந்து செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. நல்லவர்கள் கூடி வாழ அது போதாது.

மாணவர் சங்கத்துக்கு இரண்டு யோசனை சொல்கிறேன். ஒன்று, ஒர்க்‌ஷாப்பையும் ஹாஸ்டல் பாத்ரூமையும் கழுவ முறை வைக்கணும். ஜூனியர் தலையில் கட்டாமல் சீனியர், சங்க நிர்வாகிகள் பெயர் முதலில் வரணும். இரண்டு, மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய் மோட்டார், கைப்பம்பு, மிக்ஸி எது ரிப்பேரானாலும் காசு வாங்காமல் பார்த்துக் கொடுக்கணும். நாம் கற்ற பாடம் நிஜமாகவே புரிந்ததா என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

இரண்டு அறையில் ஒரு அம்மா தொடங்கினார். நமக்கு நோட்டில் ஒரு பக்கம் போதும். முதல் வாரம் பாத்ரூம் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.