முதல் நிமிடம்

கருவறையில் இருக்கும் குழந்தை காற்றைச் சுவாசிப்பதில்லை. அதன் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். வேண்டிய உயிர்வளியைத் தொப்புள்கொடி கொண்டுவந்து சேர்க்கும். பிறந்த சில நொடிகளில் அந்நீர் விலகிக் காற்று உட்புக வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் பிறர் துணையின்றியே இம்மாற்றத்தைக் கடந்துவிடுகின்றன. கடக்க இயலாமல் தவிக்கும் குழந்தைகளின் பக்கம் மருத்துவ உலகின் பார்வையைத் திருப்பியவர் அமெரிக்க மயக்கவியல் வல்லுநர் வர்ஜீனியா ஆப்கார்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு நகரில் 1909ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அவர் பிறந்தார். இரு தமையன்மாருள் ஒருவர் இளம் வயதிலேயே காசநோய்க்கு இரையானார்; மற்றவர் தீராத நோயோடு வளர்ந்தார். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியல் பயின்றபோது, ஆய்வகத்திற்குத் தெருப்பூனைகளைப் பிடித்துக் கொடுப்பது உட்படப் பல சிறுபணிகள் செய்து படிப்புச் செலவை ஈடுகட்டினார். 1929இல் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1933இல் வகுப்பில் நான்காமவராகத் தேறினார்.

அறுவை மருத்துவர் ஆவதே அவரது விருப்பம். பயிற்சியில் திறமையும் காட்டினார். ஆயினும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பெண்ணொருவர் அத்துறையில் நிலைபெறுவது அரிது என்று கருதிய அறுவைத்துறைத் தலைவர் ஆலன் விப்பிள், அவரை மயக்கவியலுக்குத் திருப்பினார். பெரும்பாலும் செவிலியரே மயக்கமருந்து கொடுத்துவந்த காலம் அது. 1938இல் கொலம்பியாவின் மயக்கவியல் பிரிவுக்கு ஆப்கார் இயக்குநரானார். பதினோர் ஆண்டுகள் பாடுபட்டு அவர் வளர்த்த பிரிவு தனித்துறையாக உயர்ந்தபோது, தலைமைப் பொறுப்பு ஆடவர் ஒருவருக்குச் சென்றது. அவருக்குக் கிடைத்தது பேராசிரியர் பதவி. அக்கல்லூரியில் அப்பதவியை எய்திய முதல் பெண்மணி அவரே. தலைமை கைநழுவியது அவருக்கு இழப்புதான். ஆனால், நிருவாகச் சுமை நீங்கியதால் அவர் மகப்பேற்று அறைக்குள் முழுமையாக நுழைய முடிந்தது.

அங்கே அவர் கண்ட காட்சி கவலைக்குரியது. அனைவரின் கவனமும் தாயின்மீதே இருந்தது. குழந்தை மூச்சின்றி, உடல் நீலம் பாரித்துப் பிறந்தால் முதுகில் தட்டுவதும், வெந்நீரிலும் குளிர்நீரிலும் மாற்றி மாற்றி அமிழ்த்துவதும் நெடுங்கால வழக்கங்களாக இருந்துவந்தன. குறைமாதத்தில் பிறந்து அசைவற்றுக் கிடந்த குழந்தைகளுள் சில, இறந்தே பிறந்தவையாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டதும் உண்டு. பிறந்த குழந்தை எந்நிலையில் இருக்கிறது என்பதை அளந்து சொல்ல ஒரு பொதுமுறை இல்லை.

1952இல் ஒரு நாள் காலை, மருத்துவமனை உணவகத்தில் மாணவர் ஒருவர் இதைப் பற்றியே வினவினார். கைக்கெட்டிய தாளொன்றை எடுத்து ஆப்கார் ஐந்து குறிகளை எழுதினார்: இதயத்துடிப்பு, மூச்சுவிடும் முயற்சி, தசையின் இறுக்கம், தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு என மதிப்பெண், மொத்தம் பத்து. எழுதிய கையோடு மகப்பேற்று அறைக்கு விரைந்து அதைச் சோதித்தும் பார்த்தார். குழந்தை பிறந்து ஒரு நிமிடம் ஆனதும் மதிப்பெண் இட வேண்டும் என்று வகுத்தார். பேறு பார்த்த மருத்துவர் தம்மையறியாமலே கூட்டிப் போட்டுவிடக்கூடும். எனவே, மதிப்பெண் இடுபவர் வேறொருவராக இருத்தல் நன்று என்றும் அறிவுறுத்தினார். மனித இயல்பை நன்கறிந்தவர் வகுத்த விதி இது!

1953இல் வெளியான இம்முறை விரைவில் பரவியது. குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தையைப் பார்த்துக்கொண்டு எவராலும் வாளாவிருக்க இயலவில்லை. முகமூடி வழியாகவும் மூச்சுக்குழாயில் செலுத்திய குழாய் வழியாகவும் உயிர்வளி அளிக்கும் முயற்சிகள் பெருகின. ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பிடும் வழக்கம் பின்னர்ச் சேர்ந்தது. பன்னிரண்டு நிறுவனங்கள் 17,221 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு இம்முறையின் பயனை உறுதிசெய்தது.

இந்த அளவுகோல் வகுத்தவரையும் விட்டுவைக்கவில்லை. தாய்க்குக் கொடுக்கும் மயக்கமருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் சேரும். ஸ்டான்லி ஜேம்ஸ், டங்கன் ஹாலடே ஆகியோருடன் சேர்ந்து ஆப்கார் ஆராய்ந்தபோது, சைக்குளோபுரொப்பேன் வளி பெற்ற தாய்மாரின் குழந்தைகள் பிறரினும் சோர்ந்து பிறப்பது தெரியவந்தது. அவர் பெரிதும் விரும்பிப் பயன்படுத்திய வளி அதுவே. சான்று கிடைத்ததும் மகப்பேற்றில் அதனைக் கைவிட்டார்.

குறைமாதக் குழந்தைக்கு வேறோர் இடரும் உண்டு. நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் அதனிடம் போதிய அளவு சுரந்திருப்பதில்லை. இதனை 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் புலப்படுத்தினர். காற்றை இடைவிடாத மெல்லழுத்தத்தில் செலுத்திச் சிற்றறைகளை விரிந்த நிலையிலேயே வைத்திருக்கும் முறை 1971இல் வெளிவந்தது. இன்று மூச்சுவிடாத குழந்தைக்கு உதவத் தொடங்க ஒரு நிமிடம் முடியும்வரை எவரும் காத்திருப்பதில்லை. மதிப்பெண், உதவியின் பயனைக் கூறும் பதிவாகத் தொடர்கிறது.

1959இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்ற ஆப்கார், மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பில் சேர்ந்து, பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியில் இறங்கினார். சிறு கத்தியும் மூச்சுக்குழாய்க் கருவியும் அவரது கைப்பையில் எப்போதும் இருந்தன. வழியில் எவருக்கேனும் மூச்சு நின்றால் உதவ வேண்டுமே!

1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பணியாற்றிய அதே மருத்துவமனையில் அவர் மறைந்தார். ஓய்வு நேரங்களில் தம் கையாலேயே இசைக்கருவிகள் செய்தவர் அவர். அவற்றுள் ஒன்றுக்காக, மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டின் மேப்பிள் மரப்பலகையைத் தோழியுடன் சேர்ந்து இரவில் கழற்றி எடுத்து, வேறு பலகையைப் பொருத்தி வைத்த கதையும் உண்டு. 1994இல் அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்ட விழாவில், அவர் செய்த நான்கு கருவிகளும் ஒன்றாக இசைக்கப்பட்டன.