கம்ப்யூட்டர் தன் பிழையைத் தானே திருத்தியது எப்படி? யார் இந்த ரிச்சர்ட் ஹாமிங்?

கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் ஃபைல் சிஸ்டம் பழுது என்று காட்டினாலே, உள்ளே இருப்பதெல்லாம் போச்சே என்று மனசு பதறும். 1940-களிலேயே இப்படித் தவித்தவர் அமெரிக்கக் கணித மேதை ரிச்சர்ட் ஹாமிங்.

1915-ல் சிகாகோவில் பிறந்தவர். அணுகுண்டுத் திட்டத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு, 1946-ல் பெல் லேப்ஸில் சேர்ந்தார். அங்கே ஆளில்லாத வார இறுதியில்தான் ரிலே கம்ப்யூட்டர் இவரது கணக்குகளைப் போடும். சின்னப் பிழை வந்தாலும் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குத் தாவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கையில் ஒன்றும் இருக்காது.

பிழை இருக்குன்னு கண்டுபிடிக்கும் மெஷின், அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா? 1950-ல் விடையை வெளியிட்டார். 4 பிட் தகவலோடு 3 சோதனை பிட்களைச் சேர்த்தால், ஏதோ ஒரு பிட் கெட்டாலும் எது என்று தெரிந்துவிடும். பிட் என்பது 0 அல்லது 1 மட்டுமே. மாற்றிப் போட்டால் சரி! இதுதான் 'ஹாமிங் கோட்'.

1968-ல் டூரிங் விருது பெற்ற ஹாமிங், 1998-ல் மறைந்தார். இன்றைய ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும், அவர் தொடங்கிவைத்த வழியில் வளர்ந்த முறைகளால் சின்னப் பிழைகளை நமக்குத் தெரியாமலேயே சரிசெய்கின்றன. அதையும் மீறிப் பழுதானால்தான் 'செக் டிஸ்க்' மாதிரி ரிப்பேர் டூல். அதுவும் கைவிட்டால், முன்கூட்டியே எடுத்த பேக்கப் மட்டுமே துணை.