சேவலை விற்கும் முன் யோசியுங்கள்: கோழிகளைக் கவனித்தே பெயர் பெற்ற நார்வேக்காரரின் கதை

நாட்டுக்கோழி வளர்க்கும் விவசாயிகளே, பண்டிகை நெருங்கினால் வியாபாரி உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். கூட்டத்திலேயே எடுப்பாக நிற்கும் சேவலைத்தான் முதலில் விலை கேட்பார். நல்ல விலை என்று நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். மறுநாளில் இருந்து பெட்டைகள் ஒன்றையொன்று விரட்டும். மிச்சமிருக்கும் இளஞ்சேவல்கள் ரத்தம் வர அடித்துக்கொள்ளும். அடுத்த அடையில் கூமுட்டை கூடினாலும் ஆச்சரியமில்லை. ஒரே ஒரு சேவல் போனதற்கு இவ்வளவு குழப்பமா என்று தோன்றும்.

இதற்கான விடையை நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் தேடினார். அவர் பெயர் தோர்லைஃப் ஷெல்டெரூப் எப்பே. அவர் கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் கோழிக்கூட்டத்தையே வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சிறுவன்

ஷெல்டெரூப் எப்பே 1894-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் கிறிஸ்டியானியா நகரில் பிறந்தார். இன்று அந்த நகருக்கு ஒஸ்லோ என்று பெயர். அப்பா, அம்மா இருவருமே சிற்பிகள். பிள்ளைக்கோ சின்ன வயதிலேயே கோழிகள் மேல் தீராத ஆசை. மற்றவர்களுக்கு எல்லாக் கோழியும் ஒன்றுபோல் தெரியும். இந்தச் சிறுவன் ஒவ்வொரு கோழியையும் தனித்தனியாக அடையாளம் கண்டுகொண்டான். பத்து வயதில் நோட்டுப் புத்தகம் வைத்துக் குறிக்கவே தொடங்கிவிட்டான்.

அவன் குறித்தது ஒரே விஷயத்தைத்தான். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது? எது ஒதுங்கிப் போகிறது?

பல வருடங்கள் எழுதிய பிறகு ஓர் ஒழுங்கு தெரிந்தது. கோழிகள் கண்டபடி கொத்திக்கொள்வதில்லை. எல்லாரையும் கொத்தும் கோழி ஒன்று இருக்கும். அதை எதுவும் திருப்பிக் கொத்தாது. அடுத்த கோழி அந்த ஒன்றுக்கு மட்டும் பணிந்து, மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கி வந்தால், கடைசியில் எல்லாரிடமும் கொத்து வாங்கும் ஒரு கோழி நிற்கும். சில நேரம் இந்த வரிசை சுற்றிக்கொண்டும் வரும். முதல் கோழி இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், மூன்றாவதோ முதல் கோழியையே விரட்டும். அதையும் அவர் விடாமல் எழுதி வைத்தார்.

1921-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வைச் சமர்ப்பித்தார். அடுத்த வருடம் அது ஜெர்மன் உளவியல் இதழ் ஒன்றிலும் வந்தது. இன்று அலுவலகத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்பதற்குக்கூட பெக்கிங் ஆர்டர் என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் இவர் பார்த்த கோழிக்கொட்டகைதான். தமிழில் கொத்து வரிசை என்று வைத்துக்கொள்வோம்.

சண்டையைக் குறைக்கத்தான் வரிசை

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொத்து வரிசை இருப்பதால் சண்டை கூடுவதில்லை, குறைகிறது. ஒருமுறை மோதி இடம் முடிவாகிவிட்டால், பிறகு தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாலே கீழே உள்ளது விலகிப் போய்விடும். கூட்டம் கலையும்போதுதான் மறுபடி முதலில் இருந்து மோதல் தொடங்கும். புதுக்கோழி வந்தாலும், பெரிய கோழி போனாலும் இதுதான் நடக்கும்.

சேவல்களுக்கு ஒரு வரிசை, பெட்டைகளுக்கு ஒரு வரிசை என இரண்டு தனித்தனியாக ஓடும். வளர்ந்த சேவல் பொதுவாக எல்லாப் பெட்டைகளுக்கும் மேலே இருக்கும். வளர்ந்த சேவல் இருக்கும் கூட்டத்தில் பெட்டைகளுக்குள் அடிதடி குறைவாக இருக்கும். நீங்கள் விற்ற சேவல் செய்துகொண்டிருந்த வேலைகளில் இதுவும் ஒன்று.

மற்ற வேலைகளையும் பாருங்கள். இரை கண்டால் சேவல் உடனே விழுங்காது. கொக்கொக்கென்று கூப்பிட்டு, இரையை எடுத்து எடுத்துக் கீழே போட்டுப் பெட்டைகளை வரவழைக்கும். பருந்து தெரிந்தால் ஒரு சத்தம், கீரியோ நாயோ தரையில் வந்தால் வேறு சத்தம். கோழிகளும் அதற்கேற்ப பதுங்கும் அல்லது நிமிர்ந்து பார்க்கும். ஒரு பக்கச் சிறகைத் தரையோடு தாழ்த்திப் பெட்டையைச் சுற்றி வந்தால் நோய் என்று பயப்படாதீர்கள். அது சேவலின் இயல்பு. விடியலில் முதலில் கூவுவதும் பெரும்பாலும் வரிசையில் தலைமையான சேவல்தான்.

படித்தவர்களே கைவிட்ட மனிதர்

ஷெல்டெரூப் எப்பேயின் பிற்பாதி வாழ்க்கை சுலபமாக இல்லை. கிறிஸ்டியானியாவில் அவருக்கு ஆதரவாக இருந்தவர் கிறிஸ்டினே பொன்னெவி. நார்வேயின் முதல் பெண் பேராசிரியர் அவர். இருவருக்கும் இடையே உறவு முறிந்தது. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் எதிர்பார்த்த இடம் கிடைக்கவே இல்லை. ஆனால் அவர் எழுதியது வெளிநாடுகளில் பரவியது. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சமூக உளவியல் பெருநூலில் பறவைகளின் கூட்டு வாழ்க்கை பற்றிய பகுதியை அவர்தான் எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலி என்ற அறிஞர் அதே வழியில் கோழிகளை ஆராய்ந்தார். பெரிய பதவி எதையும் காணாமலே 1976-ஆம் ஆண்டு ஷெல்டெரூப் எப்பே காலமானார்.

வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கோழிகளிடம் கற்ற மனிதர், தன் வாழ்க்கையிலும் அதைப் பார்த்தார். ஆனாலும் பத்து வயதில் அவர் எழுதத் தொடங்கிய நோட்டு வீண் போகவில்லை.

உங்கள் கொட்டகைக்கு என்ன பாடம்?

1. தலைமைச் சேவலை விற்பதாக இருந்தால், அதற்கு முன்பே அடுத்த சேவலைத் தயார் செய்யுங்கள். பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும். உபரிச் சேவல்களை இளவயதிலேயே பிரித்து, தனியாக வளர்த்து விற்றுவிடலாம்.

2. கூமுட்டை கூடினால் பெட்டைகளை மட்டும் குறை சொல்லாதீர்கள். தலைமைச் சேவல் வயதாகி வீரியம் குறைந்திருந்தாலும், மற்றச் சேவல்களைப் பெட்டைகளிடம் நெருங்க விடாது. கொண்டை வெளுத்து, நடை தளர்ந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சேவலை மாற்றிய பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளை அடை வையுங்கள். அதற்கு முந்தைய முட்டைகளில் பழைய சேவலின் குஞ்சுகளே வரக்கூடும்.

3. சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று வாரமாவது தூரமாகத் தனியே வைத்து, வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு வாரம் வலைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் வைத்து முகம் பழக்குங்கள். அதன் பிறகு இரவில் கூட்டுக்குள் விடுங்கள். ஒன்றை மட்டும் தனியாக விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் அடி குறையும்.

4. மெலிந்துகொண்டே வரும் கோழியைச் சற்று நேரம் பாருங்கள். நோயாக இருக்கலாம், வரிசையில் கடைசியாக இருப்பதால் தட்டை நெருங்க முடியாமலும் இருக்கலாம். தீவனத்தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒதுங்கி நிற்க ஒரு மூலையும், ஏறி உட்கார ஒரு கம்பும் இருக்கட்டும்.

5. ரத்தக் காயம் பட்ட கோழியை உடனே பிரித்து வையுங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாமல் கொத்தும்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. காலையில் தீவனம் போடும் நேரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். காலில் வேறு வேறு நிறத் துணியை இறுக்காமல் கட்டினால் அடையாளம் தெரியும். எது எதைக் கொத்துகிறது, எது ஒதுங்குகிறது என்று உங்கள் பிள்ளையை ஒரு பழைய நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்து நாளில் உங்கள் கூட்டத்தின் வரிசை கையில் இருக்கும். அடுத்த முறை வியாபாரி வரும்போது, எந்தச் சேவலைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.